முப்பத்து நான்காம் எண்

டேமியன் மேல் எனக்கு இருப்பது பொறாமைதான் என்று ஒப்புக்கொள்ள எனக்கு ஆறு வாரம் ஆயிற்று. அதற்கு முன்னால் யாராவது கேட்டிருந்தால், நல்ல மனுஷன், பக்கத்து வீட்டுக்காரன், கெரினுக்கு ஒத்தாசையாக இருக்கிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லியிருப்பேன்.

என் பிழைப்பு அப்படி. பதினான்கு நாள் சுரங்கத்தில், ஏழு நாள் வீட்டில். சுரங்கம் வடக்கே செம்மண் காட்டில். வீடு அடிலெய்டுக்கு வடமேற்கே, வாலரூ என்ற சிற்றூரைத் தாண்டிக் கடற்கரையோரம், ஒன்பதே வீடுகள் உள்ள ஒரு தெருவில். இரண்டுக்கும் நடுவில் ஐந்நூறு கிலோமீட்டர். அங்கே என் மனைவி கெரின். இங்கே நான், ஒரு கட்டிலும் ஒரு ஏசியும் கொண்ட தகர அறையில். அதை டோங்கா என்போம். வெயில் உள்ளே வராமலிருக்க ஜன்னலில் அலுமினியத் தாள் ஒட்டியிருப்பேன். கோடை உச்சமான ஜனவரியில் ராத்திரி எட்டரை வரை சூரியன் போக மாட்டேன் என்று அடம்பிடிக்கும் ஊர் இது.

எங்கள் சுரங்கக் காம்பில் ராத்திரி ஏழரை மணிக்கு எந்த டோங்காவின் கதவில் காது வைத்தாலும், உள்ளே ஒருவன் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சொல்வது கேட்கும். மூணு சொன்னதும் அவன் இங்கே ப்ளே பட்டனை அமுக்குவான், அவன் மனைவி அங்கே அமுக்குவாள். ஒரே தொடர் இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் ஓடும். போனைக் காதோரம் வைத்துக்கொண்டு இருவரும் சேர்ந்து பார்ப்பார்கள். ஒருத்தரை விட்டு ஒருத்தர் முந்திப் பார்க்கக்கூடாது. இது எழுதாத சட்டம். முந்திப் பார்த்து, அதனால் பேச்சுவார்த்தை நின்றுபோன மூன்று ஜோடிகளை எனக்கே தெரியும்.

நானும் கெரினும் பார்ப்பது ஓயாமல் மழை பெய்யும் ஏதோ ஒரு ஊரில் நடக்கும் துப்பறியும் தொடர். ஏழு சீசன். பழைய பொருள் கடையில் வட்டுகளாக வாங்கி, ஒவ்வொன்றாக வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருக்கிறேன். அந்தக் கம்ப்யூட்டர் துணி அலமாரிக்குக் கீழே இரவும் பகலும் உறுமிக்கொண்டிருக்கும். நான் டோங்காவிலிருந்து இணையம் வழியே அதன் கதவைத் தட்டி எபிசோடை எடுத்துக்கொள்வேன். பன்னிரண்டு மணி நேரம் இருநூறு டன் லாரி ஓட்டியவனுக்கு எப்போதாவது கண் சொக்கும்தான். அதற்கென்ன, மறுநாள் கெரின் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போட்டுக்கொடுப்பாள்.

பிரச்சினை எண்ணில் வந்தது. வீட்டு மோடம் வீட்டில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுக்கிறது. டிவிக்கு ஒன்று, போனுக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு ஒன்று. நான் வெளியிலிருந்து வந்தால் பன்னிரண்டாம் எண்ணுக்கு அனுப்பு என்று மோடத்திடம் சொல்லி வைத்திருந்தேன். மின்சாரம் இருக்கும்வரை எல்லாம் சரி. நாற்பத்து நான்கு டிகிரி வெயிலில் ஒரு தடவை மின்சாரம் போய் வந்தால் போதும், மோடம் பழசையெல்லாம் மறந்துவிட்டு எண்களை மறுபடி முதலிலிருந்து பங்கு போடும். கம்ப்யூட்டருக்குப் பத்தொன்பது விழும். நான் பன்னிரண்டின் கதவைத் தட்டிக்கொண்டே நிற்பேன், உள்ளே ஆளிருக்காது.

"மறுபடி போச்சா?" என்பாள் கெரின் போனில். "இரு, டேமியனைக் கூப்பிடறேன்."

டேமியன் முன்பு டெலிபோன் கம்பி இழுக்கும் வேலையில் இருந்தவன். மனைவி அவனை விட்டு அடிலெய்டுக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. படகு வைத்திருக்கிறான். வாசலில் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவானாம். கெரின் அதை மூன்று தடவை சொல்லிவிட்டாள். இருபது வருஷமாக நான் பூட்ஸோடு உள்ளே வருவதைப் பற்றி அவள் மூன்றாயிரம் தடவை சொல்லியிருப்பதால், எனக்குப் புரிய வேண்டியது புரிந்தது.

அந்தப் பதினான்கு நாள் ஸ்விங்கில் ஐந்து நாளுக்குள் மூன்று தடவை மின்சாரம் போயிற்று. மூன்று தடவை டேமியன் வந்தான். மூன்றாம் தடவை ஒரு வாளி நீல நண்டோடு வந்தான்.

"ப்ரோ," என்றான் ஹெமி, சாப்பாட்டுக் கூடத்தில் என் எதிரில் உட்கார்ந்து ஷ்னிட்ஸல் கறித்துண்டை வெட்டிக்கொண்டே. நியூசிலாந்துக்காரன், மாவோரி இனத்தவன், எனக்கு அடுத்த லாரி ஓட்டுபவன். "மோடம் சரி பண்ண எவ்வளவு நேரம் ஆகும்?"

"பத்து நிமிஷம்."

"டீ குடிக்க?"

"வாயை மூடிட்டு சாப்பிடுடா."

"இல்ல ப்ரோ, சும்மா கேட்டேன். நண்டு தின்ன எவ்வளவு நேரம் ஆகும்? ஓடெல்லாம் உடைக்கணும். பொறுமையா உக்காந்து தின்ற சாமானாச்சே அது."

அவனுக்கு என் வயிறு எரிவதைப் பார்ப்பதில் அப்படி ஒரு குஷி. நான் பாதித் தட்டிலேயே எழுந்து வந்துவிட்டேன்.

அன்று புதன்கிழமை. டோங்காவில் உட்கார்ந்து வீட்டுக் கம்ப்யூட்டரின் பதிவேட்டைத் திறந்தேன். எந்த நாளில், எந்த நேரத்தில், எந்த எண்ணில் எது ஓடியது என்பதையெல்லாம் அது ஒன்று விடாமல் குறித்து வைக்கும். மகா விசுவாசமான கம்ப்யூட்டர். செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டேகால். நான்காம் சீசன், ஐந்தாம் எபிசோட். முழுவதும் ஓடியிருந்தது. எண்: முப்பத்து நான்கு.

நாங்கள் பார்த்திருந்தது மூன்றாம் எபிசோட் வரைதான். டிவிக்கும் அந்த எண் இல்லை, கெரினின் போனுக்கும் இல்லை. அப்போதைய பட்டியலில் முப்பத்து நான்குக்குப் பக்கத்தில் பெயர் கூட இல்லை, வெறும் கோடு. மேலே போனேன். திங்கள் மதியம், நான்காம் எபிசோட். அதே எண்.

செவ்வாய் கெரினுக்கு மருந்துக்கடையில் வேலை கிடையாது. திங்களும் மதியத்துக்கு மேல் கிடையாது. அந்த வரியை மூன்று தடவை படித்தேன். எவனோ என் மனைவியை முத்தமிட்டான் என்று கேள்விப்பட்டிருந்தால் கூட இத்தனை பதறியிருப்பேனா தெரியாது. ஐந்தாம் எபிசோடை எவனோ பார்த்துவிட்டான்!

ஏழரைக்குக் கெரின் கூப்பிட்டாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு." நான்காம் எபிசோட் ஓட ஆரம்பித்தது. அன்று எனக்குத் திரையில் பாதிக் கண்தான், காது முழுக்க அவள் மூச்சில். தொடரில் ஒரு மீன் கடைக்காரன் கதவைத் திறக்கப் போகிறான். திறக்கவே இல்லை, அதற்குள் அவள், "ஐயோ பாவம்" என்றாள். அதற்குப் பிறகுதான் அவன் திறந்தான், கத்திக்குத்து வாங்கினான்.

"எதுக்குப் பாவம்?" என்றேன்.

"என்னது?"

"அவன் சாகறதுக்கு முன்னாலயே பாவம்னு சொன்னியே."

"மூஞ்சியப் பாத்தா தெரியாதா, இவன் சாகப் போறவன்னு," என்றாள்.

நான் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவாளோ என்று பயம்.

மறுநாள் முழுக்க லாரியில் இதே யோசனை. டேமியன் கம்பி இழுத்த ஆள். ஒரு கம்ப்யூட்டருக்கு ஒரே எண்ணை நிரந்தரமாகக் கொடுக்க மோடத்திலேயே வழி இருக்கும் என்பது அவனுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரியும். தெரிந்தும் செய்யாமல் ஒவ்வொரு தடவையும் தற்காலிகமாகத் திருத்திவிட்டுப் போகிறான் என்றால் என்ன அர்த்தம்? அடுத்த தடவையும் வர வேண்டும் என்று அர்த்தம். வேண்டுமென்றே ஓட்டையை விட்டு அடைக்கும் கொத்தனார் மாதிரி.

சரி, நானே அடைக்கிறேன் என்று முடிவு செய்தேன். மதிய இடைவேளையில் லாரி நிழலில் நின்று போனில் தேடித் தேடிப் படித்தேன். ஆறு மணிக்கு ஷிஃப்ட் முடிந்ததும் குளிக்காமல், செம்மண் அப்பிய முகத்தோடு டோங்காவுக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். கம்ப்யூட்டர் கைக்கு எட்டும் நிலையில் இருந்தது. அதன் வழியாக மோடத்துக்குள் நுழைந்தேன்.

முதல் வேலை: கம்ப்யூட்டருக்குப் பன்னிரண்டாம் எண் நிரந்தரம். எத்தனை தடவை மின்சாரம் போனாலும் பன்னிரண்டு அதற்குத்தான், வேறு எதற்கும் கிடையாது. இதை ஒரு வருஷத்துக்கு முன்பே செய்திருக்கலாம். ஐந்து நிமிஷ வேலை.

இரண்டாம் வேலை: தடை செய்யப்பட வேண்டிய எண் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் முப்பத்து நான்கு என்று அழுத்தி எழுதினேன். வாசலில் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு அப்படியே வீட்டுக்குப் போடா என்று சொல்வது போல் இருந்தது.

மூன்றாம் வேலை: மோடத்தின் பாஸ்வேர்டை மாற்றினேன். புதுப் பாஸ்வேர்டை வைக்கும்போது சத்தம் போட்டுச் சிரித்தேன்.

எல்லாம் முடிந்ததும், மாற்றங்கள் நிலைக்க மோடத்தை ஒரு தடவை அணைத்து ஏற்ற வேண்டும் என்றது. அமுக்கினேன். இரண்டு நிமிஷத்தில் திரும்பி வந்தது. பன்னிரண்டின் கதவைத் தட்டினேன், உடனே திறந்தது. வெற்றி. குளித்து, ஒரு அட்டைப்பெட்டி ஐஸ் காபியை முழுசாகக் குடித்து, ஏழு இருபதுக்கெல்லாம் டேப்லட்டை நெஞ்சில் வைத்துத் தயாராகிவிட்டேன்.

ஏழரை. போன் வரவில்லை.

ஏழு முப்பத்தைந்து. நான் கூப்பிட்டேன். கிடைக்கவில்லை. எங்கள் தெருவில் செல்போன் கோபுரத்தின் சிக்னல் எட்டாது. வீட்டில் பேச்செல்லாம் மோடம் வழியாகத்தான். மோடம் நன்றாக ஓடுகிறது, நான்தான் கண்ணால் பார்த்தேனே. அப்படியென்றால் கெரின் போனை அணைத்து வைத்திருக்கிறாள்.

ஏழே முக்கால். மறுபடி கூப்பிட்டேன். ஒன்பது தடவை. பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். டிவி ஓடவில்லை. வீட்டில் எதுவும் ஓடவில்லை. வியாழக்கிழமை ஏழே முக்காலுக்கு என் மனைவி எங்கள் வீட்டில் இல்லை. ஒன்பது வீட்டுத் தெருவில் அவள் வேறு எந்த வீட்டில் இருப்பாள் என்று கண்டுபிடிக்க மழை ஊர்த் துப்பறிவாளன் தேவையில்லை.

வெளியே வந்து டோங்கா படியில் உட்கார்ந்தேன். வெயில் இன்னும் முகத்தில் அடித்தது. ஹெமி துண்டோடு எதிரே போனான்.

"என்ன ப்ரோ, இன்னைக்கு எபிசோட் இல்லையா?"

"அவ எடுக்கல."

அவன் வாயைத் திறந்தான், என் முகத்தைப் பார்த்தான், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். ஹெமியே கிண்டல் செய்யாமல் போகிறான் என்றால் நிலைமை மோசம்தான்.

எட்டேகாலுக்குப் போன் அடித்தது. டேமியன் வீட்டு எண்.

"வேட், நான் கெரின்."

"நீதான்னு தெரியுது. யார் வீட்டு நம்பர்னும் தெரியுது."

"என் போன் வேலை செய்யல. அதான் இங்கேருந்து பேசறேன்."

"எங்கேருந்து? அவன் சோபாலேருந்தா?"

"வராந்தாலேருந்து." அவள் குரல் சட்டென்று மாறியது. "வேட், நீ மோடத்துல என்ன பண்ணின?"

"ஒண்ணும் பண்ணல."

"டிவிக்கு நெட் வருது. உன் கம்ப்யூட்டர் ஓடுது. என் போன் மட்டும் ஓடல. டேமியன் வந்து பாத்தான். போனுக்கு முப்பத்து நாலுன்னு நம்பர் விழுந்திருக்கு, அந்த நம்பரை யாரோ தடுத்து வெச்சிருக்கணும்ங்கறான். உள்ள போய்ப் பாக்கலாம்னா பாஸ்வேர்டையும் மாத்திட்டாங்களாம். யாருன்னு நான் கேக்கணுமா?"

நான் பூட்டி வைத்தது பன்னிரண்டை மட்டும்தான். மற்ற எண்கள் எப்போதும் போல் நாடோடிகள். நானே என் கையால் மோடத்தை அணைத்து ஏற்றினேன், அது எல்லாவற்றையும் கலைத்துப் புதிதாகப் பங்கு போட்டது, முப்பத்து நான்கு கெரினின் போனுக்குப் போயிருக்கிறது. ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்து நான் வீட்டைவிட்டுத் துரத்தியது என் மனைவியை. துரத்தியதில் அவள் நேராகப் போய் நின்றது டேமியன் வராந்தாவில்.

"பாஸ்வேர்டைச் சொல்லு," என்றாள். "அவன் எடுத்து விட்டுடுவான்."

"வேணாம். நானே எடுத்துடறேன்."

"சொல்லு வேட்."

"டேமியன் தொலைஞ்சு போ. எல்லாம் சேத்து எழுதணும்."

பின்னணியில் யாரோ குழாயைத் திறந்து நண்டு கழுவும் சத்தம் மட்டும் வந்தது.

"அது அவனோட நம்பர்னு நினைச்சேன்," என்றேன். "செவ்வாக்கிழமை ரெண்டேகாலுக்கு முப்பத்து நாலுல அஞ்சாவது எபிசோட் ஓடிச்சு. முழுசா. பொய் சொல்லாதே கெரின், எங்கிட்ட பதிவு இருக்கு."

"நான் எதுக்குப் பொய் சொல்லணும்? அது அவன் டேப்லட்தான். உன் கம்ப்யூட்டர் கிடைக்குதான்னு பாக்கறதுக்குப் போட்டான். அப்படியே சமையலறை மேஜைல வெச்சு ரெண்டு பேரும் பாத்தோம்."

"முந்திப் பாத்தே."

"பாத்தேன்."

"அவன்கூட."

"அவன்கூடதான். நீ தூங்கிடறே, வேட்."

"எப்பவாவது கண்ணசந்திருப்பேன்..."

"எப்பவாவதா? தினமும் தூங்கறே. ஏழே முக்காலுக்கு உன் குறட்டை ஆரம்பிக்கும். போனை மெத்தை மேல வெச்சிட்டு, அந்தக் குறட்டையைக் கேட்டுக்கிட்டே தனியா பாத்து முடிப்பேன். மறுநாள் உனக்காகக் கொஞ்சம் திருப்பிப் போடுவேன், அப்பவும் தூங்குவே. யாரு கொலைகாரன்னு சண்டை போடக்கூட ஆளில்ல. ரெண்டு வருஷமா நான் ஒரு குறட்டையோட குடும்பம் நடத்தறேன். டேமியன் முழிச்சிருக்கான். அவ்வளவுதான் அவன்கிட்ட உள்ள விசேஷம்."

அவ்வளவுதான் என்று அவள் சொன்னது எனக்கு ஆறுதலாக இல்லை. வேறு ஏதாவது சொல்லியிருந்தால் அவனை அடிக்கவாவது போகலாம். முழித்திருக்கிறான் என்பதற்காக ஒருவனை என்ன செய்வது?

கடைசி ஆயுதத்தை எடுத்தேன். "அவன் கம்பி இழுத்தவன்தானே? ஒரே நாள்ல நிரந்தரமா சரி பண்ணியிருக்கலாமே? ஏன் பண்ணல? கேட்டுப் பாரு."

"முதல் நாளே கேட்டான், நிரந்தரமா பண்ணிடவான்னு. நான்தான் வேணாம்னேன்."

"ஏன்?"

"கரண்ட் போனாதானே இந்த வீட்டுக்கு ஒரு ஆள் வர்றாங்க," என்றாள் கெரின்.

அவள் போனை வைத்த பிறகு நான் மோடத்துக்குள் போய் முப்பத்து நான்கை அந்தக் கட்டத்திலிருந்து எடுத்தேன். கெரினின் போனுக்கு ஒரு நிரந்தர எண் கொடுத்தேன், பதின்மூன்று, கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில். டேமியனின் டேப்லட்டைத் தேடிப் பிடித்துத் தடுக்க இப்போது வழி தெரியும், எண்ணை வைத்து அல்ல, பொருளையே அடையாளம் வைத்துத் தடுக்கலாம். விரல் அந்தக் கட்டத்தின் மேல் நெடுநேரம் நின்றது. பிறகு மூடிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஏழரைக்கு அவள் கூப்பிடுவாளா என்று தெரியவில்லை. ஏழு முப்பத்தொன்றுக்கு அடித்தது.

"படுத்தாச்சா?" என்றாள். பட்டும் படாமலும் கேட்ட குரல்.

"இல்ல. நிக்கறேன்."

"எதுக்கு நிக்கறே?"

"படுத்தா தூங்கிடுவேன். உக்காந்தாலும் தூங்கிடுவேன். லாரில உக்காந்து உக்காந்து முதுகு செத்துப்போச்சு, நின்னா நல்லதுதான்." டேப்லட்டை ஏசி பெட்டியின் மேல் சாய்த்து வைத்து, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "போடு."

ஐந்தாம் எபிசோட். ஏழே முக்கால் ஆயிற்று. கால் மரத்தது. எட்டு ஆயிற்று. கண் எரிந்தது, கன்னத்தில் அறைந்துகொண்டேன், சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும். எட்டேகாலுக்குச் சிவப்புக் கோட்டுப் போட்ட ஒருத்தி வந்து துப்பறிவாளன் முன்னால் அழுதாள்.

"இவ யாரு?" என்றேன். "மேயரோட மனைவியா?"

அந்தப் பக்கம் தொடர் நின்றது.

"வேட், மேயரோட மனைவி செத்து ரெண்டு சீசன் ஆச்சு. இவ அவ தங்கச்சி."

"எப்படிச் செத்தா?"

"மேயர்தான் கொன்னாரு."

"மேயர் கொலைகாரனா? அவரு நல்லவராச்சே!"

கெரின் சிரிக்க ஆரம்பித்தாள். அந்தச் சிரிப்பு ஒரு கட்டத்தில் வேறு என்னவோவாக மாறி, மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. நான் மூன்று சீசன்களிலும் ஒவ்வொரு எபிசோடின் முதல் கால் மணி நேரத்தை மட்டுமே பார்த்தவன் என்பது எங்கள் இருவருக்கும் அந்த நிமிஷத்தில்தான் முழுசாகத் தெரிந்தது.

"இப்ப என்ன பண்றது?" என்றாள்.

"முதல் சீசன் இருக்குல்ல, டேமியன் அதைப் பாத்திருக்கானா?"

"இல்ல."

"ஒரு எபிசோட் கூட?"

"ஒண்ணு கூட இல்ல, வேட்."

"அப்ப அதையே போடு," என்று கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "ஒண்ணு, ரெண்டு..."